ஆபத்தில் காத்தலும் அதற்குக் கட்டணமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறிய ராஜ்யத்தில், வெள்ளை மலைகள் என்று பெயர் பெற்ற மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. அதன் தலைமைச் சிகரமாகிய வாஷிங்டன் மலையின் உயரம் 6,288 அடிதான்; நம் நீலகிரியிலுள்ள தொட்டபெட்டாவைக் காட்டிலும் இரண்டாயிரம் அடிக்கு மேல் தாழ்ந்தது. ஆனால் உயரத்தைக் கொண்டு அந்த மலையை மதிப்பிட்டவர்கள் பலர் உயிரோடு திரும்பவில்லை. பல திசைகளிலிருந்து வரும் புயல்களின் பாதைகள் அங்கே ஒன்றுகூடுகின்றன. 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி அதன் உச்சியிலுள்ள வானிலை நிலையத்தார் மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசிய காற்றை அளந்தார்கள். அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல், உலகத்தின் வேறெந்த நிலப்பரப்பிலும் அதை மிஞ்சிய காற்று கருவியில் பதிவாகவில்லை. இத்தகைய மலை, பாஸ்டன் நகரத்திலிருந்து காலையில் காரில் புறப்பட்டவர் மத்தியானத்துக்கு முன் அடிவாரத்தை அடைந்துவிடக்கூடிய தூரத்தில் இருப்பதே அதன் விபரீதத்துக்குக் காரணம். கீழே இளவெயில் காய்கிற நாளில், பருத்திச் சட்டையும் ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியுமாக ஏறத் தொடங்குகிறவர், மேலே பனிப்புயலைச் சந்திக்கிறார்.

இவ்வாறு வழி தவறியவர்களையும் கால் முறிந்தவர்களையும் தேடிக் கொண்டுவரும் பொறுப்பு, அந்த ராஜ்யத்தின் சட்டப்படி மீன், வேட்டை இலாகாவைச் சேர்ந்தது. அந்த இலாகாவின் வருமானமோ பெரும்பாலும் தூண்டில் போடுகிறவர்களும் துப்பாக்கி எடுத்துச் செல்கிறவர்களும் கட்டுகிற லைசென்ஸ் பணம். படகு, பனிவண்டி முதலியவற்றைப் பதிவு செய்கிறவர்கள், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு டாலர் வீதம், மீட்பு நிதிக்கென்று கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஆனால் மீட்கப்படுகிறவர்களில் பெரும்பகுதியினர் எந்த லைசென்ஸும் வாங்காமல் கால்நடையாக மலையேற வந்தவர்கள். அவர்களிலும் பலர் வெளி ராஜ்யத்தார். பொதுவான வருமான வரியும் விற்பனை வரியும் தங்களிடம் இல்லை என்று பெருமை பேசும் ராஜ்யம் அது. ஆகவே பொதுக் கஜானாவும் தாராளமாகக் கை கொடுக்கும் நிலையில் இல்லை. ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் கிழவனுடைய காசில், அவன் ஒருநாளும் ஏறப்போகாத சிகரத்திலிருந்து யாரோ ஒரு நகரவாசியைத் தூக்கி வருகிறார்கள் என்னும் மனத்தாங்கல் அங்கே நெடுங்காலமாக உண்டு. அதை அற்பமான மனத்தாங்கல் என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

இந்த மனத்தாங்கலின் விளைவாக ஒரு சட்டம் பிறந்தது. வேண்டுமென்றோ, விளைவை அறிந்தும் துணிந்தோ ஆபத்தை வரவழைத்துக்கொண்டவர் தம்மை மீட்ட செலவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் ஆதி வடிவம். 2008ஆம் ஆண்டில் அந்த அளவுகோலைத் தளர்த்தி, வெறும் அஜாக்கிரதையே போதும் என்று திருத்தினார்கள். துணிச்சலுக்கும் அஜாக்கிரதைக்கும் உள்ள தூரம் சாமானியமானதன்று. புயல் எச்சரிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏறுகிறவன் முன்னவன். கைவிளக்குக்கு மாற்று பேட்டரி எடுக்க மறந்தவன் பின்னவன். இருவரும் அத்திருத்தத்தின்படி ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள்.

மறு ஆண்டு வசந்த காலத்தில், பதினேழு வயதுள்ள ஓர் இளைஞன் தனியாக அந்த மலைக்கு வந்து, ஒரே நாளில் நீண்ட தொலைவு நடந்து முடிக்க உத்தேசித்து, வழியில் கணுக்கால் சுளுக்கிக்கொண்டு, குறுக்குவழியில் இறங்கிவிடலாம் என்று எண்ணி, உருகும் பனி பெருக்கிவிட்ட ஓடைகளுக்கிடையே அகப்பட்டுக்கொண்டான். மூன்று இரவுகள் கழித்து அவன் தன் காலாலேயே நடந்து வந்துகொண்டிருந்தபோது தேடுவோர் அவனைக் கண்டார்கள். குளிரில் அத்தனை நாள் பிழைத்திருந்ததற்காக முதலில் எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள். சில மாதங்களுக்குப் பிறகு இருபத்தையாயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு அவன் வீட்டுக்கு பில் வந்தது. பிறகு 2012ஆம் ஆண்டில், ஃபிராங்கோனியா என்னும் மலைமுகட்டில் பலத்த காற்றிலும் மழையிலும் தனியாக நடந்து, இடுப்பு மூட்டு நழுவி விழுந்துவிட்ட ஒருவரைப் பலர் கூடித் தூக்கிவந்தார்கள்; அவருக்கு விதிக்கப்பட்டது ஒன்பதாயிரம் டாலருக்குச் சற்று அதிகம். அவர் வழக்காடினார். அவருடைய உடல்நிலையையும் அன்றைய வானிலை முன்னறிவிப்பையும் கருதினால் நியாயமான மனிதன் ஒருவன் அந்தப் பயணத்தை மேற்கொண்டிருக்க மாட்டான் என்று கூறி, ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் 2015இல் இலாகாவின் பக்கமே தீர்ப்பளித்தது.

தீர்ப்பைப் படிக்கிறவர்க்கு நீதிபதிகள் சட்டத்தை ஒழுங்காகத்தான் பிரயோகித்தார்கள் என்று தோன்றும். என் ஆட்சேபம் தீர்ப்பின் மேல் அன்று, சட்டத்தின் மேல். இந்தத் தொகை கட்டணமா, அபராதமா என்பதை அந்தச் சட்டம் தெளிவாகத் தீர்மானிக்கவே இல்லை. கட்டணம் என்றால் சேவையைப் பெற்றவர் எல்லாரும் செலுத்த வேண்டும். பாலத்தைக் கடக்கிறவன் நல்லவனா கெட்டவனா என்று சுங்கச்சாவடியில் யாரும் கேட்பதில்லை. அஜாக்கிரதையாக நடந்தவன் மட்டுமே செலுத்த வேண்டும், ஜாக்கிரதையாக நடந்தும் விழுந்தவன் செலுத்த வேண்டாம் என்றால், வாங்கப்படுவது குற்றத்துக்குரிய தண்டனை. தண்டனைக்கோ, நாகரிக சமூகங்கள் நெடுங்காலம் பாடுபட்டு வகுத்துக்கொண்ட சில நெறிகள் உண்டு. குற்றம் இன்னதென்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். குற்றம் சாட்டுகிறவரும் அந்தத் தண்டத்தால் பயன் பெறுகிறவரும் ஒருவராகவே இருத்தல் கூடாது. தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

மீட்புப் பில் இந்த மூன்றையும் மீறுகிறது. ஒரே அளவு கவனக்குறைவுள்ள இருவர் ஒரே நாளில் வழி தவறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவனைப் பாதையோரத்திலேயே ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மற்றவனை மூன்று நாள் தேடி, அயல் ராஜ்யத்திலிருந்து ஹெலிகாப்டரை வரவழைத்து மீட்கிறார்கள். முன்னவனுடைய பில்லில் சில நூறு டாலர், பின்னவனுடையதில் பல்லாயிரம். அந்த வேற்றுமைக்கு மேகமும் காற்றும் காரணமேயன்றி அவர்களுடைய குற்றம் காரணமன்று. மேலும், ஸ்ட்ரெச்சரில் கிடந்து நடுங்கிக்கொண்டிருப்பவனிடம், எத்தனை மணிக்குப் புறப்பட்டாய், வானிலை அறிக்கை பார்த்தாயா, கம்பளிச் சட்டை கொண்டுவந்தாயா என்று மீட்பவர் கேட்கும் கேள்விகள், ஒரு புறத்தில் சிகிச்சைக்கும் தேடலுக்கும் வேண்டிய கேள்விகள்; மறு புறத்தில் பின்னர் அவனுக்கு எதிரான சாட்சியம். உயிரைக் காக்க வந்தவரே புலனாய்வு அதிகாரியாகவும் கடன்காரராகவும் மாறிவிடுகிற இந்த ஏற்பாடு, காப்பவருக்கும் காக்கப்படுபவருக்கும் இடையே இருக்க வேண்டிய விசுவாசத்தைக் கெடுப்பது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு பலத்தோடு எடுத்துரைப்பதே முறை. 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் அரிஸோனாவின் கிராண்ட் கான்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கில், இரு தந்தையர் தங்கள் மகன்களை அழைத்துக்கொண்டு கடினமான ஒரு பாதையில் இறங்கினார்கள். அவர்களிடம் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக உதவி கோரும் கருவி இருந்தது. தண்ணீர் கிடைக்கவில்லை என்று முதல்முறை அழுத்தினார்கள். ஹெலிகாப்டர் வருவதற்குள் தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டதால் ஏற மறுத்தார்கள். அன்றிரவே மறுபடியும் அழுத்தினார்கள். குடித்த தண்ணீர் உப்புக் கரித்ததாம். மறுநாள் காலை மூன்றாம் முறையும் அழுத்தியபோது, வந்த அதிகாரிகள் அவர்களைக் கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜப்பானில் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், மலையேற்றப் பருவம் தொடங்குமுன் ஃபூஜி மலையிலிருந்து மீட்கப்பட்ட மாணவன் ஒருவன், அங்கே விட்டுவந்த கைப்பேசியை எடுக்கச் சில நாளில் திரும்பிப் போய், மறுபடியும் மீட்கப்பட்டான். இவற்றைக் கேட்டும் கோபம் வராதவர் மகான்தான். இத்தகையவர்களுக்காக ஒரு விமானி இருட்டில் பாறைச் சுவர்களுக்கிடையே தம் பிராணனைப் பணயம் வைக்க வேண்டுமா?

ஆனால் கிராண்ட் கான்யனில் நடந்த முடிவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை மீட்புக்குப் பணம் வாங்குவதில்லை என்பது அதன் பழைய வழக்கம். அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவருக்கும் அது பில் அனுப்பவில்லை. பிறருக்கு ஆபத்தான நிலைமையை உண்டாக்கினார் என்னும் குற்றத்தின் பேரில், பூங்காச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குப் பதிவு செய்தது. இதுவே நேரான வழி என்பது என் அபிப்பிராயம். விபரீதமான நடத்தையைக் குற்றமென்று அறிவித்து, நியாயஸ்தலத்தின் முன் நிறுத்தி, அங்கே தண்டிக்கட்டும்; ஹெலிகாப்டரின் பெட்ரோல் கணக்கைத் தண்டனையாக்க வேண்டாம். ஜப்பானின் சைதாமா பிராந்தியம் வேறொரு நேர்மையைக் கைக்கொண்டிருக்கிறது. 2018 முதல், குறிப்பிட்ட மலைகளில் தன் ஹெலிகாப்டரால் மீட்கப்பட்டவரிடம், பறந்த நேரத்தில் ஐந்து நிமிஷத்துக்கு இவ்வளவு யென் என்று அது வாங்குகிறது. கடுமையான முறைதான், ஆயினும் அது கட்டணம் என்று ஒப்புக்கொண்டு வாங்கும் கட்டணம்.

செலவு என்று பேசும்போது பணத்தை மட்டுமே எண்ணுகிறோம். வாஷிங்டன் மலையின் சரித்திரத்தில், எந்தக் கணக்குப்பிள்ளையாலும் பில் எழுத முடியாத ஒரு செலவு இருக்கிறது. 1982ஆம் ஆண்டு ஜனவரியில், ஹ்யூ ஹெர் என்னும் பதினேழு வயது இளைஞன் தன் தோழன் ஒருவனோடு ஹண்டிங்டன் பள்ளத்தாக்கின் பனிச்சரிவில் ஏறினான். அந்த வயதிலேயே பாறையேற்றத்தில் அபூர்வத் திறமை பெற்றவன் என்று பெயரெடுத்தவன் அவன். சரிவின் தலைப்பை அடைந்ததும், இன்னும் சற்று மேலே சென்று பார்க்கலாம் என்று நடந்தவர்கள், புயலில் திசை தப்பி, மலையின் மறுபுறத்தில் 'கிரேட் கல்ஃப்' என்று வழங்கும் வனாந்தரத்தில் இறங்கிவிட்டார்கள். சைபருக்குக் கீழ் வெகுதூரம் தாழ்ந்த குளிரில் மூன்று இரவுகள் அங்கே கிடந்தார்கள். அவர்களைத் தேடிப் புறப்பட்ட தொண்டர்களில் ஆல்பர்ட் டௌ என்பவரும் ஒருவர், வயது இருபத்தெட்டு. பிள்ளைகள் காணாமற்போன திசை இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து அவர் சென்ற பாதை, உண்மையில் அவர்கள் இருந்த திசைக்கு நேர்மாறானது. அந்தப் பாதையில் இடிந்து விழுந்த பனிச்சரிவு அவரைக் கொன்றது. இளைஞர்கள் இருவரையும் கண்டுபிடித்தது எந்தத் தேடும் படையுமன்று. பனிச்செருப்பு அணிந்து தற்செயலாக அவ்வழியே வந்த ஒரு பெண்மணி.

ஹெர்ருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் போயின. பிற்காலத்தில் அவர் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகி, இயந்திரக் கால்களை உருவாக்கும் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார். தாம் செய்த கால்களாலேயே மறுபடியும் பாறையில் ஏறினார். இந்தச் சம்பவத்தை இரு தரப்பாரும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வதுண்டு. ஒரு பொறுப்பற்ற முடிவால் ஓர் உத்தமர் மாண்டாரே, அதற்குப் பிறகுமா தண்டிக்காமல் விடுவது என்பார் ஒருவர். காப்பாற்றப்பட்ட உயிர் பின்னால் என்னவாக மலரும் என்று பனியில் நிற்கிறவன் எப்படி அறிவான் என்பார் மற்றவர். எனக்கு இரண்டும் அவசரமான வாதங்களாகவே படுகின்றன. இயந்திரக் கால் செய்யாமல் ஒரு கடையில் குமாஸ்தாவாக ஹெர் வாழ்நாளைக் கழித்திருந்தாலும் டௌ தேடிப் போனது அதே அளவு சரியானதே. டௌ தொண்டராகச் சென்றார், கூலிக்காகச் செல்லவில்லை. அந்த மலையில் இன்றும் மீட்புக்கு முன் நிற்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்களே. அவர்கள் சம்பளமின்றி உழைத்த உழைப்பின்மேல் சர்க்கார் பில் எழுதுவது அவர்களில் பலருக்கே சம்மதமில்லை. 1959ஆம் ஆண்டு ஆரிகானில் தோன்றிய அமெரிக்க மலைமீட்புச் சங்கம், மீட்புக்குக் கட்டணம் விதிப்பதை வெளிப்படையாகவே எதிர்த்து வருகிறது. பில்லுக்குப் பயந்தவன் உதவி கேட்பதைத் தள்ளிப்போடுவான். பகலில் முடிந்திருக்க வேண்டிய தேடல் இரவுக்குப் போகும். இரவில் தேடுகிறவர்களுக்கும் ஆபத்து என்பது அவர்கள் கூறும் காரணம். பயத்தால் தாமதித்தவர்களை எண்ணிக் காட்டுவது அரிதுதான். தாமதித்ததற்குக் காரணம் இதுவென்று யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. இருந்தாலும் பனியில் இறங்குகிறவனுடைய அபிப்பிராயத்துக்கு, மேஜைக்குப் பின்னால் இருப்பவனுடைய அபிப்பிராயத்தைவிட அதிக மதிப்புக் கொடுப்பதே விவேகம்.

கடல் சம்பந்தமான சர்வதேசச் சட்டத்தில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு பழைய விடை கிடக்கிறது. மலையைப் பற்றி வாதாடுகிறவர்கள் அதை ஏனோ அவ்வளவாக எடுத்துக்காட்டுவதில்லை. ஆபத்திலிருந்த கப்பலையும் சரக்கையும் காப்பாற்றியவனுக்கு, மீட்ட சொத்தின் மதிப்பை ஒட்டிச் சன்மானம் உண்டு. அந்தச் சன்மானத்துக்காகவே இழுவைக் கப்பல்கள் வைத்துத் தொழில் நடத்துகிற கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் உயிர் காக்கப்பட்டவனிடமிருந்து யாதொரு சன்மானமும் கேட்கலாகாது. 1910ஆம் ஆண்டின் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையும், அதன் இடத்துக்கு வந்த 1989ஆம் ஆண்டின் உடன்படிக்கையும் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. அப்படியானால் மாலுமிகள் சரக்கை மட்டும் மீட்டுவிட்டு மனிதர்களைக் கைவிட்டுப் போகத் தூண்டுதல் இராதா என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: அதே சந்தர்ப்பத்தில் மனித உயிர்களைக் காத்தவனுக்கு, சொத்தை மீட்டவன் பெறும் சன்மானத்தில் நியாயமான பங்கு உண்டு. கப்பலுக்கும் சரக்குக்கும் உடையவர்கள், அதாவது அவர்களுடைய இன்ஷூரன்ஸ்காரர்கள், அந்தச் செலவை ஏற்கிறார்கள். லாபத்தைத் தவிர வேறொன்றிலும் நாட்டமில்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் கப்பல் வியாபாரிகளின் உலகம், நீரிலிருந்து தூக்கப்பட்டவனுடைய சட்டைப் பையைத் தடவக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது.

மலையில் இந்தத் தீர்மானத்துக்கு முதலில் வந்த பெரிய தேசம் பிரான்ஸ் என்று சொல்லலாம். 1956ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி ழான் வென்சான்தோன், பிரான்ஸுவா ஆன்றி என்னும் இரு வாலிபர்கள் ஷமோனி நகரத்திலிருந்து மோன் பிளாங்க் சிகரத்தை நோக்கிப் புறப்பட்டுப் புயலில் சிக்கினார்கள். கீழே ஊரிலிருந்து தொலைநோக்கி வழியாக ஜனங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பருவமும் பனியும் தகாது என்று ஊரின் வழிகாட்டிகள் தயங்கினார்கள். பிரபல மலையேறியான லியொனல் தெரே அந்தத் தயக்கத்தைப் பொறாமல் சிலரைச் சேர்த்துக்கொண்டு தாமே கிளம்பினார். ராணுவம் அனுப்பிய ஹெலிகாப்டர் டிசம்பர் 31ஆம் தேதி அவர்களுக்கருகிலேயே நொறுங்கி விழுந்தது. பிறகு, அதில் வந்தவர்களை மீட்பதே பெரும்பாடாகிவிட, உறைந்துபோன அந்த இரு வாலிபர்களையும் சிதைந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் கிடத்திவிட்டு மற்றவர்கள் இறங்கினார்கள். ஜனவரி தொடக்கத்தில் மீட்பு முயற்சி கைவிடப்பட்டது. மார்ச் மாதத்தில் உடல்கள் கீழே கொண்டுவரப்பட்டன. தேசம் வெட்கித் தலைகுனிந்தது. 1958ஆம் ஆண்டில் சர்க்கார் மலைமீட்பைத் தன் கடமையாக ஏற்றது. அதே ஆண்டில்தான் ஷமோனியின் போலீஸ் மீட்புப் படைக்கு வித்திடப்பட்டது. அன்று முதல் இன்றுவரை, மலைச்சரிவில் விழுந்தவனிடம் பிரெஞ்சு அரசாங்கம் பணம் கேட்பதில்லை. டிக்கெட் வாங்கிச் சறுக்கி விளையாடும் பனிச்சறுக்குத் தடங்களிலோ, 1985ஆம் ஆண்டின் மலைச் சட்டப்படி, உள்ளூர் மன்றங்கள் மீட்புச் செலவை வசூலிக்கலாம். வியாபாரம் நடக்கிற இடத்தில் வியாபார நியாயம், வனாந்தரத்தில் குடிமை நியாயம் என்னும் இந்தப் பாகுபாடு எனக்கு மிகவும் உசிதமாகத் தோன்றுகிறது.

சுவிட்சர்லாந்தின் வழி வேறு. 1952இல் தோன்றிய ரேகா என்னும் ஆகாய மீட்பு ஸ்தாபனம், 1960களின் நடுவில் கையில் பணமில்லாமல் தத்தளித்தபோது, அரசாங்கத்தை நம்பியிராமல் ஜனங்களிடம் கையேந்தியது. ஆண்டுதோறும் சிறு சந்தா செலுத்துகிறவர்களை ஆதரவாளர்களாகச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு ஆபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மீதியைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. சட்டப்படி இது இன்ஷூரன்ஸ் அன்று. தள்ளுபடி செய்யக் கடமை ஏதும் தனக்கில்லை என்று ரேகா தன் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆயினும் ஜனங்கள் நம்புகிறார்கள். ஏறத்தாழ தொண்ணூறு லட்சம் பேர் உள்ள அந்த நாட்டில் முப்பத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இன்று ஆதரவாளர்கள். மேய்ச்சல் மலையில் காலொடிந்து கிடக்கும் பசுவையும், அதன் சொந்தக்காரக் குடியானவர் ஆதரவாளரானால், கயிற்றில் தொங்கவிட்டு ஹெலிகாப்டரில் இறக்கிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது, அந்தச் சந்தா ஏன் இவ்வளவு ஜனப்பிரியமாயிற்று என்பது விளங்கும்.

ஆனால் முன்பணம் என்னும் ஏற்பாடும் தவறான கையில் கொடூரமாகிவிடும். டென்னசி ராஜ்யத்தின் ஓபியன் பிரதேசத்தில், பட்டணத்துத் தீயணைப்புப் படையின் சேவை வேண்டுமானால் கிராமத்து வீட்டுக்காரர் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் சந்தா கட்டாத ஒருவருடைய வீடு பற்றியெரிந்தபோது, இப்பொழுதே கட்டிவிடுகிறேன் என்று அவர் மன்றாடியும், சந்தா கட்டிய அயலாருடைய நிலத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டை எரியவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் முறையும் தன் போக்கில் கெட்டுப்போகக்கூடும். நேபாளத்தில், சாதாரணத் தலைவலி வந்த யாத்ரீகரையும் ஹெலிகாப்டரில் ஏற்றி, வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் பெருந்தொகை பறிக்கும் சூழ்ச்சியில் பயண ஏஜெண்டுகளும் ஹெலிகாப்டர்காரர்களும் ஆஸ்பத்திரிகளும் கூட்டுச் சேர்ந்திருந்ததை 2018ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கத்தின் விசாரணையே வெளிப்படுத்தியது. முன்னதில் பணமில்லாததால் உதவி மறுக்கப்பட்டது. பின்னதில் பணமிருந்ததால் வேண்டாத உதவி திணிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால், மீட்புக்குப் பணம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க நியாயமில்லை. பணத்தை மலையேறுமுன் எல்லாரிடமும் சிறுகச் சிறுக வாங்குவதா, விழுந்த பிறகு ஒருவனிடம் மொத்தமாக வாங்குவதா என்பதே விவாதிக்கத்தக்க விஷயம். முன்னதே தர்மம், அதுவே சிக்கனமும் என்பது என் முடிபு. அலாஸ்காவின் தெனாலி மலையில், 1992ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் பதினொரு பேர் மாண்ட பிறகு, பூங்காத் துறை மீட்கப்பட்டவர்களுக்குப் பில் எழுதத் தொடங்கவில்லை. 1995 முதல் ஏறப் போகும் ஒவ்வொருவரிடமும் 150 டாலர் வாங்கி, ஏறுமுன்பே அவர்களுக்கு அறிவுறுத்தவும், மலையில் மீட்போரை நிறுத்தி வைக்கவும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. நியூ ஹாம்ப்ஷயரே 2015 முதல் 25 டாலருக்கு ஒரு மலைப் பாதுகாப்பு அட்டையை விற்கிறது. குடும்பத்துக்கு 35 டாலர். அதை வாங்கியவர் அஜாக்கிரதையால் ஆபத்துக்குள்ளானாலும் செலவு கேட்பதில்லை. விளைவை அறிந்தும் துணிந்து நடந்திருந்தால் மட்டுமே கேட்பார்கள். பாவமன்னிப்புச் சீட்டு விற்பது போலிருக்கிறது என்று இதைப் பரிகசிப்பவர்கள் உண்டு. பரிகாசத்தில் உண்மை இல்லாமற்போகவில்லை. அட்டையின் விலையைக் கட்டினால் கழுவப்படுகிற குற்றம் முதலிலேயே குற்றமாக இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? என்றாலும் மலையேறுகிறவர்களும் கடைசியில் அந்த நிதிக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தூண்டில்காரரின் மனத்தாங்கலுக்கு அதுவே நேரான பரிகாரம். இனி அந்த ராஜ்யம் செய்ய வேண்டியது 2008ஆம் ஆண்டின் திருத்தத்தை ரத்துச் செய்து, துணிந்து செய்த குற்றத்தை மட்டும் நியாயஸ்தலத்துக்கு அனுப்புவதே.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது தூர தேசத்து விவகாரம் அன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்று உள்ளூர் மலைவாசிகளும் வனத்துறை, தீயணைப்புத் துறை ஊழியர்களும் தேடிச் சென்றார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்குப் பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகள் வகுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் நம் வனத்துறை நாற்பது மலைப்பாதைகளை முன்பதிவுக்குத் திறந்து, உள்ளூர் மக்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாக நியமித்து, ஒவ்வொரு பாதைக்கும் கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. அக்கட்டணத்தில் ஒரு பங்கு மீட்புக்கு உரியது என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும். அந்தப் பங்கிலிருந்து வழிகாட்டிகளுக்கு முதலுதவிப் பயிற்சியும், கயிறும், வயர்லெஸ் கருவியும், தேடப்போன இடத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகையும் கிடைக்க வழி செய்ய வேண்டும். காட்டில் வழி தவறியவனிடமிருந்து பின்னால் ஒரு காசும் கேட்கப்படமாட்டாது என்பதையும் அதே விதியில் தமிழில் தெளிவாக எழுதி, மலையடிவாரத்துச் சோதனைச்சாவடி ஒவ்வொன்றிலும் ஒட்டிவைக்குமாறு வனத்துறையாரை வேண்டிக்கொள்கிறேன்.